கடைவீதிக்கு இறங்கும் பாதை



பின்னவலைக்குப் போகாத பள்ளிக்கூடச் சுற்றுலா நம் நாட்டில் குறைவு. கேகாலை மாவட்டத்தில் 1975 இல் தொடங்கிய அந்த யானைகள் காப்பகத்தில் எத்தனையோ யானைகள் வளர்ந்தன. ஆனால் போய் வந்தவர்கள் வீட்டில் வந்து கதை கதையாகச் சொன்னது இரண்டைப் பற்றித்தான். கண்ணிவெடியில் முன்காற்பாதத்தை இழந்த சாமா ஒன்று, பார்வை இழந்த கொம்பன் ராஜா மற்றது. கடல் கடந்து வந்த கமராக்கள் இந்த இரண்டின் முன்னாலும் நின்றிருக்கின்றன. யானைக் கூட்டம் மகா ஓயாவுக்குக் குளிக்கப் போகும் நேரத்தில் வீதியை மறித்துவிடுவார்கள். வாகனங்கள் நிற்கும், கடைக்காரர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். எந்த யானை எவ்வளவு ஆறுதலாக நடந்தாலும் யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை.

நல்ல காரியம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே மாவட்டத்தில்தான் யட்டியாந்தோட்டை, தெரணியகல, புளத்கொஹுப்பிட்டிய தோட்டங்களும் இருக்கின்றன. சப்ரகமுவ மாகாணத்தின் மறுபாதியில், இரத்தினபுரிப் பக்கம், காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை. தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயங்களில் கால் வழங்காதவர்கள், கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், புத்தி மெதுவாக வளர்ந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். சம்பள நாளன்று டவுனில் இவர்களில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்? புடவைக்கடையில் விலை பேசிக்கொண்டு, பஸ்ஸில் சீட்டுக்கு வாக்குவாதப்பட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்கடையில் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த மாத இதழை இந்தக் கேள்வியை வைத்துத்தான் தொகுத்திருக்கிறோம்.

எங்கள் ஆசிரியர் குழுவை இந்தப் பக்கம் திருப்பியது ஓர் ஆவணப்படம். கனடாவில் பிறந்த அஸ்ட்ரா டெய்லர் 2008 இல் எடுத்த 'எக்ஸாமின்ட் லைஃப்' அதன் பெயர். எட்டுச் சிந்தனையாளர்களை மேசைக்கு முன்னால் உட்காரவைத்துப் பேட்டி எடுக்காமல், வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பேச வைத்த படம் அது. ஒருவர் விமான நிலையத்தில் பேசுவார், ஒருவர் படகு வலித்துக்கொண்டு பேசுவார், ஸ்லாவோய் ஜிஜெக் குப்பை மேட்டில் நின்று பேசுவார். இவற்றுக்கிடையே சில நிமிடங்கள் ஜூடித் பட்லர் என்ற பேராசிரியர் சான் பிரான்சிஸ்கோ நகரத் தெருவில் ஒரு பெண்ணோடு உலாவப் போகிறார். கூடப் போகிறவர் சுனாரா டெய்லர், இயக்குநரின் சகோதரி, ஓவியர். பிறவியிலேயே மூட்டுகள் இறுகிப்போனதால் மோட்டார் சக்கர நாற்காலியில் செல்பவர்.

அந்தச் சில நிமிடங்களில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. இருவரும் நடைபாதையில் போகிறார்கள், பழைய உடுப்பு விற்கும் கடைக்குள் நுழைந்து ஒரு ஸ்வெட்டர் வாங்குகிறார்கள், பேசிக்கொண்டே போகிறார்கள். காப்பிக்கடையில் கோப்பையை வாயால் கவ்விக்கொண்டு மேசைக்குப் போகத் தன்னால் முடியும் என்கிறார் சுனாரா. ஆனால் கைக்கென்று நாம் ஒதுக்கிய வேலையை வாய் செய்வதைப் பார்க்கும்போது மற்றவர்களுக்கு ஒரு மாதிரியாகிவிடுகிறது, அதனால் அந்தச் சின்ன வேலைக்கே துணிச்சல் வேண்டியிருக்கிறது என்கிறார். ஏன் இந்த நகரத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு அவர் சொல்லும் காரணம் சாதாரணமானது. நடைபாதைகளின் ஓரம் சரிவாக இறக்கப்பட்டிருக்கிறது, பஸ்ஸில் ஏறலாம். அதனால் தன்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் வெளியே வருகிறார்கள். நிறையப் பேர் வருவதால் ஊர்க் கண்ணுக்கு அது பழகிவிட்டது. கண்ணுக்குப் பழகிய இடத்தில் மனிதரோடு மனிதராக இருப்பது எளிதாகிறது.

இந்த வரிசை முக்கியம். முதலில் பாதை, பிறகு ஆட்கள், பிறகுதான் மனமாற்றம். நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொள்கிறோம். சனங்களின் மனசு மாற வேண்டும், அப்புறம் எல்லாம் சரியாகும் என்கிறோம். யாரும் வெளியே வராத ஊரில் யாருடைய மனசு எதைப் பார்த்து மாறும்?

அந்தச் சரிவுகளும் இரக்கத்தால் வந்தவையல்ல. அமெரிக்காவில் அரசுப் பணம் பெறும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக்கூடாது என்று 1973 இல் சட்டம் வந்தது. அதைச் செயற்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் அரசாங்கம் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. 1977 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த கூட்டாட்சி அரசு அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்கள், கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள் எல்லோரும் மூன்று வாரத்துக்கும் மேல் அங்கேயே படுத்து எழும்பினார்கள். வெளியிலிருந்து கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தார் சமைத்த சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். கையெழுத்து விழுந்தது. 2020 இல் வந்த 'கிரிப் கேம்ப்' ஆவணப்படத்தில் அந்த நாட்களின் உண்மைக் காட்சிகளைப் பார்க்கலாம். சுனாரா டெய்லர் நிம்மதியாக உலாவப் போகும் தெருவுக்குப் பின்னால் இத்தனை பேரின் பிடிவாதம் இருக்கிறது.

சுனாராவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். மனிதரின் ஊனத்தையும் விலங்குகளை நாம் நடத்தும் விதத்தையும் சேர்த்து வைத்து அவர் 2017 இல் ஒரு புத்தகம் எழுதினார். பின்னவலைச் சாமாவைப் பற்றி அவரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்க்கிறோம்.

இனி நம் மலைகளுக்கு வருவோம். இங்கே கமராக்கள் வராமலில்லை. பேசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' 1934 இல் வந்தது. உலக ஆவணப்பட வரலாற்றில் பெரிய பெயர். 1935 இல் பிரஸல்ஸில் பரிசு வாங்கியது. காசு போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. படத்தின் முதல் பகுதியிலேயே நம் மாகாண எல்லையில், சிவனொளிபாத மலைக்கு ஏறும் யாத்திரிகர்கள் வருகிறார்கள். 1681 இல் அச்சான, இலங்கையைப் பற்றிய ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து லயனல் வென்ட் வாசிக்கும் குரல் பின்னால் ஓடும். மூன்றாம் பகுதியில் கொழுந்து பறிக்கும் கைகள் வரும். அவற்றுக்கு மேலே சந்தை விலையும் கப்பல் செய்தியும் சொல்லும் வியாபாரக் குரல்கள் கேட்கும். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் என்ன பேசினார்கள் என்பது கடைசி வரை கேட்காது.

அதே 1934 இல்தான் இந்த நாட்டில் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. வேலை செய்யும் இடத்தில் விபத்து நடந்து உறுப்பை இழந்தால் எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று அட்டவணை போட்ட சட்டம். விரலுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு. ஒரே ஆண்டில் படம் கையின் அழகைக் காட்டியது, சட்டம் கைக்கு விலை போட்டது. கை போன பிறகு அந்த ஆள் எப்படி வாழ்ந்தார் என்பதைப் படம் எடுக்க யாரும் வரவில்லை.

1973 இல் பிரித்தானியாவின் கிரனடா தொலைக்காட்சி 'ஒரு கோப்பைத் தேநீரின் விலை' என்ற பொருளில் ஒரு நிகழ்ச்சி செய்தது. தோட்டத்துப் பசியையும் லயத்து இருட்டையும் காட்டி, அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களைச் சங்கடப்படுத்தியது. தேவையான படம். ஆனாலும் 1934 இல் அழகாகத் தெரிந்த உடம்பு 1973 இல் மெலிந்து தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டு காலத்திலும் கமரா தேடியது உழைக்கும் உடம்பை. உழைக்க முடியாத உடம்பு வாசலுக்கு உள்ளேயே இருந்தது.

தோட்டத்தின் கணக்கும் அப்படித்தான். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போனால் பேர் விழும், எத்தனை கிலோ கொழுந்து என்று தராசு சொல்லும். ரப்பர் தோட்டமென்றால் எத்தனை மரம் வெட்டினாய், எத்தனை லீற்றர் பால் கொண்டுவந்தாய் என்பது பேச்சு. செக்ரோல் என்ற பேரேட்டில் பேர் இருக்கும்வரை ஆள். வீட்டில் ஒருவராவது பேர் பதிந்து வேலை செய்தால்தான் லயத்துக் காம்பராவில் நிம்மதியாக இருக்கலாம் என்ற பயம் இன்னும் போகவில்லை. பால் உறைந்த தகட்டை நெரிக்கும் ரோலரில் விரல் கொடுத்தவர், மழை நாளில் வெட்டுக்கத்தியோடு சறுக்கி விழுந்து இடுப்பு போனவர், மேல்வருமானத்துக்கு மாணிக்கக் குழியில் இறங்கி மண் சரிந்து கால் நசுங்கியவர் எல்லோரும் செக்ரோலிலிருந்து போன கையோடு ஊர்ப் பேச்சிலிருந்தும் மெதுவாகப் போய்விடுகிறார்கள்.

சப்ரகமுவவுக்கு இதில் இன்னொரு பங்கமும் உண்டு. மலையகம் என்றாலே எல்லோர் கண்ணிலும் நுவரெலியாவும் அட்டனும்தான் வரும். பச்சைப் பாய் விரித்த மலையில் வரிசையாகப் பெண்கள், படத்துக்கு அது தோதாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சிங்களக் கிராமங்களுக்கிடையே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிய தோட்டங்கள். பாதிக்கு ரப்பர். விடிந்தும் விடியாத நேரத்தில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டும் வேலை எந்தச் சுற்றுலா அட்டையிலும் வந்ததில்லை. மலையகம் பேசும் மேடையிலேயே பின்வரிசையில் நிற்கும் ஊர் எங்களுடையது. அந்த ஊரின் ஊனமுற்றவர் எந்த வரிசையில் நிற்பார் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

எண்ணிக்கையில் இவர்கள் குறைவென்று யாரும் நினைக்க வேண்டாம். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில், 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானவர்கள், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவு வைத்தல், தன் வேலையைத் தானே செய்தல், பேசிப் புரியவைத்தல் ஆகியவற்றில் ஏதாவதொன்றில் சிரமம் இருப்பதாகச் சொன்னார்கள். நடப்பதில் சிரமப்படுபவர்கள் மட்டும் 7 இலட்சத்துக்கு மேல். ஏறத்தாழப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர். அறுபது பேர் குடியிருக்கும் ஒரு லயத்தை எடுத்துக்கொண்டால் ஐந்து பேர்.

எங்கள் நிருபர் தெரணியகலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போய், அப்படி ஒருவரோடு டவுன் வரை போய் வந்தார். பெயரைப் போட வேண்டாம் என்று அந்தத் தங்கச்சி கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பிறவியிலேயே ஒரு கால் சூம்பிப்போனவர், ஊன்றுகோலோடு நடப்பவர். ஏ.எல். வரை படித்தவர். லயத்தில் யாருக்கு எந்த விண்ணப்பம் நிரப்பவேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருகிறார்கள். சிங்களமும் நன்றாக எழுதுவார். போனில் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு விபரம் பார்ப்பது, பிறப்புப் பதிவு எடுக்கக் கடிதம் எழுதுவது, பிள்ளைகளின் பாடசாலை விண்ணப்பம் எல்லாம் அவர் கைவேலை.

வாசலுக்கு முன்னால் தண்ணீர் ஓடும் கான். கானுக்கு மேலே ஒற்றைப் பலகை. அதைத் தாண்டினால் மண்ணில் வெட்டிய படிகள். சில படிகளுக்கு டயர் புதைத்திருக்கிறது, சிலவற்றுக்கு அதுவுமில்லை. பாசி பிடித்து வழுக்கும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. ஊன்றுகோலை முதலில் கீழ்ப் படியில் வைத்து, அது சறுக்குகிறதா என்று இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, பிறகு நல்ல காலை இறக்குகிறார். பாதி தூரத்தில் ஊன்றுகோலின் அடிரப்பர் கழன்று பள்ளத்தில் உருண்டது. ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு கோலுக்கு ஒரு ரப்பர் துண்டுக்கு அவிசாவளைக்குப் போகவேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கீழே கல் ரோட்டில் ஓட்டோ. மெயின் ரோட்டில் பஸ். பஸ்ஸின் முதல் படி முழங்கால் உயரம். ஊனமுற்றவர்களுக்கென்று எழுதிய சீட் உள்ளே இருக்கிறது, அதுவரை போய்ச் சேருவது அவரவர் பாடு. டவுனில் அவர் போகவேண்டிய கந்தோர் மேல்மாடியில். மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவை விசாரிக்கத்தான் அங்கே போகிறார் என்பதை மறக்கவேண்டாம்.

"அக்கா, டவுனுக்குப் போனா எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க. பாத்துட்டுப் போகட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நான் படியேறி முடிக்கிறதுக்குள்ள சாப்பாட்டு நேரம்னு எழும்பிர்றாங்களே, அதத்தான் தாங்க முடியல" என்றாராம்.

அதே லயத்தில் வாதம் வந்த பெரியவர் ஒருவருக்கு யாரோ ஒரு சக்கர நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தபோது எடுத்த படம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. நாற்காலியின் மேல் துணி மடித்து வைத்திருக்கிறார்கள். அது உருள்வதற்கு வாசலில் இடமுமில்லை, வாசலுக்கு வெளியே வழியுமில்லை.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. பொதுக் கட்டிடங்களுக்குள் எல்லோரும் போய்வர வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. பழைய கட்டிடங்களைத் திருத்த மூன்றாண்டு அவகாசமும் கொடுத்தார்கள். மறைந்த கலாநிதி அஜித் பெரேராவை இங்கே நினைத்துக்கொள்ளவேண்டும். இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992 இல் போய்க்கொண்டிருந்த காரின்மேல் மரம் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். அதற்குப் பிறகு நாடு முழுக்கக் கட்டிடங்களின் வாசல்களையும் கழிப்பறைகளையும் அளந்து அளந்து எழுதினார். அவர் போட்ட அடிப்படை உரிமை மனுவில்தான், புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டிடங்கள் அந்த விதிகளைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 இல் கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது. இத்தனைக்கும் பிறகு மேல்மாடிக் கந்தோர் மேல்மாடியிலேயே இருக்கிறது.

தோட்டத்துக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. அந்த மண் படிக்கட்டு யாருடையது? கம்பனியைக் கேட்டால் அரசாங்கத்தைக் காட்டும். அரசாங்கத்தைக் கேட்டால் பிரதேச சபையைக் காட்டும். 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவழிப்பதற்குப் பெரிய தடையாகவே நீண்ட காலம் இருந்தது. வாக்குப் போட உரிமையுண்டு, வரிப்பணத்தில் ஒரு கல் பதிக்க வழியில்லை என்ற நிலை. அது திருத்தப்பட்டது 2018 இல்தான். இப்போது கேட்பதற்கு வாய் இருக்கிறது. கேட்கவேண்டியதும் பெரிய தொகையல்ல. படிக்கட்டுக்கு இரும்புக் கைப்பிடி. கானுக்கு அகலமான சிமெந்துப் பலகை. பாசி வழுக்காத சொரசொரப்பான தளம்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு உலகமெங்கும் புழங்கும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அடி உயரம் ஏற, பன்னிரண்டு அடி நீளச் சரிவு. வங்கி வாசலில் அரையடி உயரத்தில் மூன்று படி இருந்தால் பதினெட்டு அடி வேண்டும். நம் டவுன்களில் பல இடங்களில் பேருக்கென்று ஆறடிச் சரிவு போட்டு, மேலே பூச்சட்டி வைத்திருப்பார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, ஏறினால் பின்னால் கவிழும். அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது கண்ணால் அளந்து பாருங்கள்.

இந்தக் கணக்கை இப்போதே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 7 பேர்ச் காணியில் 550 சதுர அடியில் தனி வீடுகள் தோட்டங்களில் எழும்பத் தொடங்கியிருக்கின்றன. லயத்திலிருந்து வெளியேறும் அந்த நாளுக்காகத் தலைமுறைகள் காத்திருந்தன. கட்டி முடித்த பிறகு இடித்துச் சரிவு போடுவதைவிட, வரைபடத்திலேயே ஒரு வாசலைப் படியில்லாமல் போடுவது மலிவு. கழிப்பறைக் கதவைச் சக்கர நாற்காலி நுழையும் அகலத்துக்கு வைப்பது அதைவிட மலிவு. சிறுநீரைக் கட்டுப்படுத்திக்கொண்டு மாலை வரை காத்திருக்கும் பெண்ணுக்கு அந்தச் சில அங்குலம் என்னவென்று தெரியும்.

பாதை என்பது கடைவீதிக்குப் போக மட்டுமல்ல. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்த அதே மழையில் புளத்கொஹுப்பிட்டியவில் தோட்டக் குடியிருப்பின் மேலும் மண் சரிந்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மேலே இருப்பவர்கள் உடனே இறங்குங்கள் என்று அறிவித்தல் வருகிறது. அறிவித்தல் காதில் விழாதவர், விழுந்தாலும் ஓட முடியாதவர் யார் யார், எந்தக் காம்பராவில் இருக்கிறார்கள், யார் தூக்கிக்கொண்டு இறங்குவது என்று உங்கள் தோட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறதா? கிராம உத்தியோகத்தரிடம் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த மழைக்கு முன்னால் எழுதிவிடுங்கள். ஒரு கொப்பித் தாள் போதும்.

படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கென்று இந்த நாட்டில் 1912 இலேயே பாடசாலை தொடங்கிவிட்டது, இன்று இரத்மலானையில் இருப்பது அதுதான். தமிழ் மொழியில் அப்படியொரு பாடசாலை யாழ்ப்பாணத்துக் கைதடியில் 1956 இல் வந்தது, நஃபீல்ட் பாடசாலை. யட்டியாந்தோட்டையிலிருந்து கைதடிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். ஆறு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? அனுப்பாவிட்டால் பிள்ளை லயத்திலேயே வளரும். விளையாட வருகிற பிள்ளைகளின் கைஜாடையே அதற்குப் பாடமாகிவிடும்.

மாற்றம் ஒன்றுமே இல்லை என்று எழுதினால் அது பொய். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவை 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக்க 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். 2024 பொதுத் தேர்தலுக்குப் பிறகு தேசியப் பட்டியல் மூலம் சுகத் வசந்த டி சில்வா பாராளுமன்றம் போனார். பார்வையற்ற ஒருவர் அங்கே உறுப்பினராக அமர்ந்தது அதுவே முதல் முறை. அவர் பேசும்போது அந்தச் சபையிலிருக்கும் மற்றவர்களுக்கும் கண் பழகுகிறது. 2023 இல் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, முன்னோர்கள் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி போனது. ஒரு சமூகம் தன்னை நாட்டுக்குக் காட்டியது நடந்துதான். அடுத்த முறை அப்படியொரு பயணம் போகும்போது, நடக்க இயலாதவர்களும் முன்வரிசையில் வருகிற மாதிரித் திட்டம் போடுவோம். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

எங்கள் வாசகர்களில் பலர் இப்போது போனிலேயே குறும்படம், ஆவணப்படம் எடுக்கிறீர்கள். வருகிற மின்னஞ்சல்களிலேயே தெரிகிறது. உங்களுக்கென்று சில வார்த்தைகள்.

மாற்றுத்திறனாளி ஒருவரைப் படமெடுக்கும்போது கமராவை அவர் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். நின்றபடி எடுத்தால் உட்கார்ந்திருப்பவர் எப்போதும் கெஞ்சுகிற மாதிரித்தான் தெரிவார். இந்த இதழில் வரும் படங்களை அப்படித்தான் எடுத்திருக்கிறோம். அவரைப் பற்றி அம்மாவிடமும் அண்ணனிடமும் கேட்காமல் அவரிடமே கேளுங்கள். பேச நேரமெடுத்தால் எடுக்கட்டும், அந்த நேரத்தை வெட்டாதீர்கள். சோக வயலினை எடுத்துவிடுங்கள். அவர் படியிறங்க ஏழு நிமிடம் எடுத்தால் அந்த ஏழு நிமிடத்தையும் காட்டுங்கள். எந்தக் கட்டுரையும் சொல்லாததை அது சொல்லும். படத்துக்கு அடியில் எழுத்தும் போடுங்கள், காது கேளாதவரும் உங்கள் ரசிகர்தான். முடித்த பிறகு முதல் காட்சியை அவருக்கே போட்டுக்காட்டி, இது வரலாமா என்று கேளுங்கள்.

முக்கியமாக, அவர் கோபப்படுவதையும், விலை பேசுவதையும், யாரையாவது கிண்டலடிப்பதையும் எடுங்கள். ஊனமுற்றவர் என்றால் ஒன்று கண்ணீர் விடவேண்டும், இல்லையென்றால் சாதனை செய்யவேண்டும் என்று நம் தொலைக்காட்சிகள் ஒரு வழக்கம் வைத்திருக்கின்றன. கண்ணீரும் சாதனையும் இல்லாமல் சும்மா இருக்கிற உரிமைதான் பெரிய உரிமை. சுனாரா டெய்லர் படத்தில் ஒரு ஸ்வெட்டர்தான் வாங்கினார்.

இனி உங்கள் பங்கு. வெள்ளவத்தையிலோ சென்னையிலோ ஸ்காபரோவிலோ இருந்து வாசிப்பவர்களும் சேர்ந்துகொள்ளலாம், ஆனால் இரத்தினபுரி, கேகாலை வாசகர்களிடமிருந்துதான் முதலில் எதிர்பார்க்கிறோம். உங்கள் டவுனில் நீங்கள் வழக்கமாகப் போகும் ஐந்து இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தபால் கந்தோர், வங்கி, ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம், கோயில் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் எத்தனை படி, கைப்பிடி உண்டா, சாய்தளம் உண்டா, உண்டென்றால் எத்தனை அடி நீளம், கீழ்மாடியில் கழிப்பறை இருக்கிறதா, தமிழில் விண்ணப்பம் கிடைக்கிறதா என்று குறித்து அனுப்புங்கள். முடிந்தால் ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ பாவிக்கும் ஒருவரோடு சேர்ந்து போய்ப் பாருங்கள். அவர் காட்டுகிற குறை உங்கள் கண்ணுக்குத் தானாகப் படாது.

வருகிறவற்றை ஊர் ஊராகத் தொகுத்து அடுத்தடுத்த இதழ்களில் போடுவோம். போட்ட பக்கத்தை அந்தந்தப் பிரதேச சபைத் தலைவருக்கும் பிரதேச செயலாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புவோம். பதில் வந்தால் அதையும் போடுவோம், வராவிட்டால் வரவில்லை என்று போடுவோம்.

தெரணியகலத் தங்கச்சி தன் பட்டியலை ஏற்கெனவே அனுப்பிவிட்டார். சிங்களத்தில் ஒரு பிரதி, தமிழில் ஒரு பிரதி. மேல்மாடிக் கந்தோரின் படிகளுக்கு எதிரே, கீழ்மாடியில் ஒரு வெற்று அறை பூட்டிக் கிடக்கிறது என்பதையும் எழுதியிருக்கிறார். திங்கட்கிழமைகளில் ஒரு உத்தியோகத்தரும் ஒரு மேசையும் அங்கே இருந்தால் போதும் என்பது அவர் யோசனை. அடுத்த இதழ் அந்த யோசனையோடுதான் தொடங்கும்.

அன்புடன்,
ஆசிரியர்